பருத்திக் கன்னி: ஓர் அழகுராணி மரபு பற்றிய விமர்சனக் குறிப்புகள்

விமர்சனம் என்பது கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றின் எல்லைக்குள் நின்றுவிட வேண்டியதொன்று என்னும் எண்ணம் எம்மிடையே இன்னும் வலுவாகவே உள்ளது. அழகுராணிப் போட்டி ஒன்றை விமர்சனப் பொருளாகக் கொள்வது கூட்டத்தில் நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும், கதையும் பாத்திரமும் ஆடையணியும் பார்வையாளரும் உள்ள எந்தவொரு காட்சியும் ஏதோவொன்றைக் கூறுகின்றது. அதைவிட முக்கியமாக, ஏதோவொன்றைக் கூறாது விடுகின்றது. அவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே விமர்சகனின் தொழிலாயின், ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே 1939 முதல் 1993 வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்றுவந்த ‘மெய்ட் ஒஃப் கொட்டன்’ என்னும் பருத்திக் கன்னித் தெரிவு எமது கவனத்துக்கு நன்கு உரியதே.

அழகுராணிப் போட்டிகள் பற்றிப் பொதுவாகக் கூறப்படும் கண்டனம் யாவரும் அறிந்தது. 1968 செத்தெம்பரில் அத்லாந்திக் சிற்றி நகரிலே ‘மிஸ் அமெரிக்கா’ போட்டி நடைபெற்றபோது பெண் விடுதலை இயக்கத்தினர் மண்டபத்துக்கு வெளியே கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். பெண்ணைச் சந்தைப் பண்டமாக நிறுத்துப் பார்ப்பதே இப்போட்டி என்பது அவர்களது வாதம். அவ்வாதம் சரியானதே. ஆனால் பயிர் ஒன்றுக்காக முடிசூட்டப்படும் பெண்ணின் நிலையை அது முழுமையாக விளக்காது. பருத்திக் கன்னி விற்பனைக்கு உரிய பண்டமல்லள். அவள்மீது கிடக்கும் துணியே பண்டம். அவளது புன்னகையும் நடையும் பேச்சும் துணியின் பணியாளர்கள். இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது அவளை எள்ளி நகையாடுவோர், அவளை மேடையேற்றியவர்களைப் பார்க்கத் தவறிவிடுகின்றனர்.

மேடையேற்றியவர்கள் யாவர்? டெனசி மாநிலத்தின் மெம்பிஸ் நகர் மிசிசிப்பி ஆற்றங்கரையிலே பருத்தித் தரகர்களால் வளர்ந்த நகர். 1929இல் இறாத்தலொன்று ஏறத்தாழ 17 சதத்துக்கு விலைபோன பருத்தி, 1931இல் 6 சதத்துக்கும் கீழே வீழ்ந்தது. அதே 1931ஆம் ஆண்டிலேதான் மெம்பிஸ் வணிகர்கள் ‘பருத்திக் களியாட்டம்’ என்னும் விழாவைத் தொடக்கினர். அரசனும் அரசியும் தெரிவுசெய்யப்பட்டு, ஆற்றில் அலங்கரித்த படகிலே வந்திறங்கினர். விலை வீழ்ந்த ஆண்டில் முடி ஏறியது என்பதைத் தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. 1938இல் தேசிய பருத்திச் சபை அந்நகரிலே நிறுவப்பட்டது. அதனை முன்னின்று உருவாக்கிய ஒஸ்கார் ஜோன்ஸ்ரன், மிசிசிப்பியிலிருந்த மிகப் பெரிய பருத்தித் தோட்டங்களுள் ஒன்றின் தலைவர். அத்தோட்டமோ மான்செஸ்ரர் நூற்பாலைக் கொம்பனியொன்றுக்குச் சொந்தமானது. அடுத்த ஆண்டு முதலாவது பருத்திக் கன்னி தெரிவானாள். சபையும் களியாட்டச் சங்கமும் மெம்பிஸ், நியூயோர்க், நியூ ஓர்லியன்ஸ் நகரங்களின் பருத்திப் பரிமாற்று நிலையங்களும் கூட்டாக இதனை நடத்தின.

அச்சபையின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. பயிரிடுவோர், பஞ்சு பிரிக்கும் ஆலைக்காரர், பண்டசாலைக்காரர், வணிகர், பருத்திவிதை ஆட்டுவோர் எனத் தொழிலின் பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் அதில் இடமுண்டு. பின்னர் கூட்டுறவுச் சங்கங்களும் நூற்பாலைக்காரரும் சேர்ந்து பிரிவுகள் ஏழாயின. பருத்தியைப் பறிப்பவர் மட்டும் ஒரு பிரிவாக என்றுமே எண்ணப்படவில்லை. கன்னியின் மேடைக்கு இச்சபையின் வரைபடமே திரைக்கதை எனலாம்.

இனிக் கன்னியின் வாழ்வை நோக்குவோம். பருத்தி விளையும் மாநிலமொன்றிலே பிறந்த, மணமாகாத இளம்பெண்ணாக அவள் இருத்தல் வேண்டும். பிறப்பிடம் பற்றிய இந்நிபந்தனை சுவையானது. பருத்தி மண்ணில் முளைப்பது போலவே அவளும் அம்மண்ணில் முளைத்தவளாகக் காட்டப்படவேண்டும். ஆனால் அம்மண்ணில் அவள் கைவைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. தெரிவானதும் நாட்டின் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர்கள் அவளுக்கென முற்றிலும் பருத்தியாலான ஆடைத் தொகுதியொன்றை ஆக்குவர். அவற்றைச் சுமந்துகொண்டு, பயணத்தை நடத்தும் மேலாளரின் துணையோடு, நகர் நகராக அவள் செல்வாள். அங்காடிகளில் ஆடைக் காட்சி, வணிகர் கழகங்களின் மதிய விருந்து, வானொலி நேர்காணல், பத்திரிகைப் படம், பின்னர் வெளிநாட்டுப் பயணம் என மாதக்கணக்கில் அவளது வாழ்வு கழியும். 1956இல் ஏற்றுமதியை வளர்ப்பதற்கென அனைத்துலகப் பருத்திச் சபை உருவாக்கப்பட்ட பின்னர், அமெரிக்காவின் நல்லெண்ணத் தூதுவர் என்ற வேடமும் அவள் ஏற்கவேண்டியதாயிற்று.

இதனை ஓய்வான வாழ்வு என யாரும் கருதவேண்டியதில்லை. நாளொன்றில் பலமுறை உடைமாற்றி, அந்நியர் முன் சலிப்பைக் காட்டாது நின்று, பொதி விலையும் நூற்பின் வகைகளும் பற்றி வணிகருக்கு இசைவாகப் பேசுவது கடும் உழைப்பே. உழைப்பு எனத் தோன்றாதிருக்கும்படி செய்யவேண்டிய உழைப்பு என்பதே இதன் விசேடம். அவள் களைத்துப்போனாள் என்பது வெளியே தெரிந்தால் காட்சி குலைந்துவிடும். இவ்வகையில் அவளும் ஒரு தொழிலாளியே என்பதை எமது முற்போக்கு விமர்சகர்கள் கூட எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் ஒப்புக்கொண்டேயாக வேண்டும்.

அந்த ஆடைத் தொகுதியில்தான் இக்காட்சியின் உட்பொருள் அடங்கியுள்ளது. பருத்தி அக்காலத்தில் எத்தகைய துணி? வயலிலும் தொழிற்சாலையிலும் சமையலறையிலும் உடுக்கப்பட்ட துணி. மாலை விருந்துக்கும் நடனத்துக்கும் பட்டே உரியது. பட்டு வாங்க இயலாதோருக்கு றேயன் வந்துவிட்டது. 1938இல் நைலோன் அறிவிக்கப்பட்டு, 1940 மே மாதத்தில் நைலோன் காலுறைகள் நாடெங்கும் விற்பனைக்கு வந்தன. பருத்திக்காரரைப் பிடித்த அச்சம் இதுவே. ஆகவே பருத்தியை மாலை விருந்துக்கு உயர்த்தவேண்டியிருந்தது. பருத்தியால் நீண்ட நடன அங்கி தைத்து, அதனை அழகிய பெண்ணொருத்திக்கு அணிவித்து, ‘இதுவும் பருத்தியே’ என வியக்கவைப்பதுதான் கன்னியின் ஒவ்வொரு மேடையும் முன்வைத்த வாதம். அவ்வாதம் வெல்லவேண்டுமாயின் பருத்தியோடு ஒட்டியிருந்த வேலையின் நினைவு முதலிற் கழுவப்படவேண்டும். வியர்வையின் துணி என்ற நினைவு எஞ்சியிருக்கும்வரை அது விருந்தின் துணியாகாது. பருத்திக் கன்னியின் பணி பருத்தியை விளம்பரப்படுத்துவது என்று கூறுவது பாதி உண்மையே. பருத்தியை அதன் உழைப்பினின்றும் வெளுத்தெடுப்பதே அவளிடம் ஒப்படைக்கப்பட்ட பணி.

இக்கூற்று மிகையானதா என ஐயுறுவோர், அதே ஆண்டுகளில் வெளிவந்த மற்றொரு ‘பருத்தி ஆடை’ப் பனுவலை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1936 கோடையில் ஜேம்ஸ் ஏஜி என்னும் எழுத்தாளரும் வோக்கர் எவன்ஸ் என்னும் புகைப்படக் கலைஞரும் அலபாமா மாநிலத்தின் வெள்ளையினக் குத்தகைக் குடும்பங்கள் மூன்றோடு தங்கியிருந்து பெற்ற அனுபவம், 1941இல் ‘லெட் அஸ் நௌ பிரெய்ஸ் ஃபேமஸ் மென்’ என்னும் நூலாக வந்தது. அதில் ஆடை பற்றி மட்டும் தனியாக ஓரியல் உண்டு. பருத்தி விளைவிப்போன் உடுக்கும் நீலநிற வேலையுடை, வெயிலாலும் வியர்வையாலும் சலவையாலும் நாளடைவில் எவ்வாறு நிறமும் மென்மையும் மாறுகின்றது என்பதை ஏஜி பக்கம் பக்கமாக விவரிக்கின்றார். அந்நூல் வெளிவந்தபோது விலைபோகவில்லை. சில நூறு பிரதிகளே விற்றன. கன்னியோ அவ்வாண்டும் நகர் நகராகச் சென்றுகொண்டிருந்தாள். ஏஜியின் நடை சிலவிடங்களில் தன்னைத்தானே வியந்து நிற்கின்றது என்ற குறை எமக்கு உண்டு. எனினும் துணியில் உழைப்பு எழுதப்பட்டிருப்பதைக் கண்ணுற்று வாசித்தவர் அவரே.

இதனோடு இணைத்து எண்ணத்தக்க இன்னுமொரு செய்தி உண்டு. மாவும் தீவனமும் வந்த பருத்திப் பைகளைப் பிரித்து வீட்டுப் பெண்கள் உடை தைப்பது வறுமைக் காலத்து வழக்கம். அதே தேசிய பருத்திச் சபை இப்பைகளிலிருந்து உடை தைக்கும் முறைகளை விளக்கும் சிறு நூல்களை அச்சிட்டு வழங்கியது. பொருட்காட்சிகளில் பைத் தையற் போட்டிகளையும் ஊக்குவித்தது. ஒரு கையில் வடிவமைப்பாளரின் நடன அங்கி, மறு கையில் மாப்பைச் சட்டை. இரண்டும் பருத்தியே. எது மேடைக்கு உரியது, எது அடுக்களைக்கு உரியது என்பதில் சபைக்கு எள்ளளவும் மயக்கம் இருக்கவில்லை.

இனி, மேடையிலிருந்து விலக்கப்பட்டவர்களைப் பற்றி. மெம்பிஸ் களியாட்ட ஊர்வலத்தில் அலங்கார வண்டிகளை இழுப்பதற்குக் கறுப்பின மக்கள் அமர்த்தப்பட்டனர். 1930களின் நடுப்பகுதியிலே வென்சன் என்னும் கறுப்பினப் பல் வைத்தியர் தமது மருமகனாகிய சிறுவனை அழைத்துக்கொண்டு ஊர்வலம் பார்க்கச் சென்றார் என்றும், எவ்வாறிருந்தது எனக் கேட்டபோது, எங்கள் ஆட்கள் எல்லாரும் குதிரைகளாகவே இருந்தார்கள் என அச்சிறுவன் கூறினான் என்றும் சொல்லப்படுகின்றது. இவ்வூர்வலம் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்கள் யாவற்றிலும் இதுவே சிறந்தது என நான் கருதுகின்றேன். வென்சனின் முயற்சியால் 1936 முதல் ‘பருத்தி ஆக்குவோர் விழா’ எனத் தனியானதொரு விழா கறுப்பின மக்களால் நடத்தப்பட்டது. அவ்விழாவும் தனக்கென அரசனையும் அரசியையும் தெரிவுசெய்தது. பின்னர் கன்னிக்கு ஈடாகப் ‘பருத்தியின் ஆன்மா’ என்ற பட்டத்தோடு ஓர் இளம்பெண்ணையும் பயணம் அனுப்பியது.

விழாவின் பெயர் கவனத்துக்குரியது. வெள்ளையர் விழா பருத்தியைக் கொண்டாடியது. கறுப்பினத்தவர் விழா பருத்தியை ஆக்குவோரைக் கொண்டாடியது. மறைக்கப்பட்ட கை அப்பெயரில் மீண்டும் வெளிப்படுகின்றது. ஆனால் உள்ளடக்கம் மாறியபோதும் வடிவம் மாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முடியும் அரியணையும் ஊர்வலமும் அப்படியே இருந்தன. ஒடுக்கப்பட்டோர் ஒடுக்குவோரின் வடிவத்தையே எடுத்தாள்வதை அடிமை மனப்பான்மை எனத் தள்ளிவிடுவது சுலபம். தம் பிள்ளைகள் குதிரைகளையன்றி வேறெதையும் காணாத தெருவிலே அரசியொருத்தியைக் காட்டவேண்டிய அவசரத்தை அவ்வாறு தள்ளிவிடுவோர் உணர்ந்திலர்.

பறித்த கைகளைப் பற்றி நாம் அறியாதவர்களல்லர். 1917இல் மிசிசிப்பியிற் பிறந்த ஃபேனி லூ ஹேமர், இருபது பிள்ளைகளுள் இளையவர். ஆறு வயதில் தோட்டக்காரர் தின்பண்டம் தருவதாகக் கூறி, ஒரு வாரத்தில் முப்பது இறாத்தல் பறிக்கமுடியுமா எனக் கேட்டதையும், பறித்து முடித்ததும் அடுத்த வாரம் அது அறுபதானதையும் அவரே பின்னர் விவரித்திருக்கின்றார். முதலாவது பருத்திக் கன்னி மேடையேறியபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்திரண்டு. வயதளவில் அவரும் ஒரு கன்னிக்குப் பொருத்தமானவரே. பருத்தி மாநிலத்திற் பிறக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் அவர் நிறைவேற்றியிருந்தார். 1962இல் வாக்காளராகப் பதியச் சென்ற குற்றத்துக்காக, பதினெட்டு ஆண்டுகள் வேலைசெய்த தோட்டத்திலிருந்து அன்றே அவர் வெளியேற்றப்பட்டார். 1964 ஓகஸ்டில் தாம் பட்ட அடியையும் சிறையையும் பற்றி நாடு முழுவதும் கேட்க அவர் சாட்சியம் அளித்த இடம் அத்லாந்திக் சிற்றி. மிஸ் அமெரிக்காக்கள் முடிசூடிய அதே நகர்.

இவ்விடத்தில் எமது வாசகர் ஒருவர், அறுவடைத் தெய்வத்தை வணங்கும் பழைய வழிபாட்டின் தொடர்ச்சியாக இப்பயிர் அரசிகளைக் கொள்ளலாகாதா என வினவலாம். மானிடவியல் கற்றோருக்கு இவ்விளக்கம் கவர்ச்சியானது. ஆனால் நாட்காட்டி அதற்கு இடந்தரவில்லை. தைப்பொங்கல் புதிர் வீடு வந்து சேரும் காலத்தில் வருகின்றது. உழவனின் வேலை முடிவே அதன் நாள். மிசிசிப்பிச் சமவெளியில் பருத்தி பறிக்கும் காலம் செத்தெம்பர், ஒக்ரோபர் மாதங்கள். களியாட்டமோ, தொடக்க ஆண்டுகளின் பின், பருத்தி அப்போதுதான் நிலத்தில் முளைத்து நிற்கும் மே மாதத்துக்கு உரியதாயிற்று. கன்னி தெரிவானது ஆண்டு திரும்பும் மாரிகாலத்தில். வயலின் நாட்காட்டியோடு இவ்விழாக்களுக்கு உறவில்லை. அங்காடியின் நாட்காட்டியே அவற்றை ஆண்டது. சடங்கின் புறத்தோற்றத்தை மட்டும் இரவல் பெற்ற விற்பனை முறையைச் சடங்கு எனப் பெயரிடுவது ஆய்வாகாது.

இலங்கைத் தமிழ் வாசகர் தம் நாட்டின் பயிரொன்றை நினையாது இதனைப் படித்தல் இயலாது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபை 1932இல் அமைக்கப்பட்டது. தேயிலை விளம்பரங்களிலே நாம் காண்பது தோட்ட முதலாளியின் மகளை அன்று. கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து பறிக்கும் பெண்ணையே. முதற் பார்வையில் இது மெம்பிஸுக்கு நேர்மாறானது. அங்கே உழைப்பவள் மறைக்கப்பட்டாள். இங்கே உழைப்பவளே காட்சியானாள். ஆயின் அவ்விளம்பரப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். அட்டை கடித்த காலும் மழையில் நனைந்த படங்கும் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையின் தராசும் படத்துக்கு வெளியே நிற்கின்றன. புன்னகை மட்டும் உள்ளே. அப்படம் ‘சிலோன்’ என்ற பெயரைத் தாங்கி உலகெங்கும் சென்ற ஆண்டுகளிலேதான், 1948இன் குடியுரிமைச் சட்டம் அவளைப் போன்ற இலட்சக்கணக்கானோரை நாடற்றோராக்கியது. வேலையை மறைப்பதற்கு வேலை செய்பவளை மறைக்கவேண்டும் என்பதில்லை. அவளைப் படமாக்கிவிட்டாலே போதும். இவ்விரு முறைகளுள் எது கொடியது என என்னால் தீர்ப்புக் கூற இயலவில்லை. பட்டம் பெற்ற அக்கன்னி ஓராண்டின் பின் முடியை இறக்கிவைத்துவிட்டு வீடு திரும்பினாள் என்ற வேறுபாடு மட்டும் தெளிவானது. கொழுந்து பறிப்பவளின் புன்னகைக்கு ஆண்டு முடிவு இருக்கவில்லை.

மெம்பிஸுக்குத் திரும்புவோம். 1944 ஒக்ரோபர் 2ஆம் திகதி மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகேயுள்ள ஹொப்சன் தோட்டத்தில் பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் மக்கள் கூட்டத்தின் முன் இயக்கிக் காட்டப்பட்டன. ஓர் இயந்திரம் ஏறத்தாழ ஐம்பது பேரின் வேலையைச் செய்தது. 1960களின் இறுதிக்குள் கையாற் பறித்தல் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. பறித்தவர்கள் ரயிலேறிச் சிக்காகோ போன்ற வடபுல நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். மறைக்கப்படவேண்டிய கைகள் உண்மையாகவே மறைந்தபோது, மறைப்பதற்கென நின்ற முகமும் தேவையற்றதாயிற்று எனக் கொள்ளலாமோ? இது எனது ஊகமே. பொருளாதாரக் காரணம் இதனினும் நேரடியானது: பொலியெஸ்ரர் வந்து, 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சில்லறைச் சந்தையில் பருத்தியின் பங்கு மூன்றிலொன்றளவுக்கு வீழ்ந்தது. புன்னகையால் நைலோனை ஓரளவு எதிர்க்க முடிந்தது. கசங்காத சட்டையை எதிர்க்க முடியவில்லை.

1966இன் சட்டமொன்றின்படி பொதியொன்றுக்கு ஒரு டொலர் வீதம் பயிர்செய்வோரிடம் அறவிடப்பட்டு, அப்பணத்தில் 1970இல் ‘கொட்டன் இன்கோப்பரேற்றட்’ என்னும் நிறுவனம் எழுந்தது. அது தொலைக்காட்சியையும் ஆய்வுகூடத்தையும் நம்பியது. 1973இல் அந்நிறுவனம் பருத்திக்கென ஓர் இலச்சினையை வெளியிட்டது. கன்னித் தெரிவு 1980களின் நடுப்பகுதியில் மெம்பிஸை விட்டு டலஸ் நகருக்குப் போய், பணமும் பொதுமக்கள் ஆர்வமும் குன்றி, 1993இல் நின்றது. அதன் ஆவணங்கள் இன்று வொஷிங்ரனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அரும்பொருட்சாலையிலே பேணப்படுகின்றன. இலச்சினையோ சட்டைகளின் கழுத்துப்பட்டியில் இன்னும் உள்ளது. பருத்தி என்னும் ஆங்கிலச் சொல்லின் நடுவே உள்ள இரண்டு எழுத்துகளிலிருந்து ஒரு வெண்பஞ்சுக் காய் வெடித்து மேலெழுகின்றது. பறிப்பவளும் இல்லை, உடுப்பவளும் இல்லை.